பழைய சி.ஆர்.ஓ. காட்டிய 1 வோல்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆடி மாதம். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பட்டறைக்கு, மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளூரில் யாரோ அசெம்பிள் செய்து கொடுத்தது. இரண்டு சேனல், ஒவ்வொன்றிலும் 2என்3055, எம்.ஜே.2955 டிரான்சிஸ்டர் ஜோடி, கூட்டல் 35, கழித்தல் 35 வோல்ட் சப்ளை. அந்த வெள்ளிக்கிழமை ஓர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், அதற்குள் வேண்டும் என்றார்.

"பாட்டே போடல தம்பி. சும்மா ஆன் பண்ணி வச்சாலே ஹீட் சிங்க்ல கை வைக்க முடியல, அப்படிச் சுடுது. அரைமணி நேரம் போனா சத்தம் கரகரங்குது."

இதுதான் புகார். இதற்கு விடை தேடிய வழியில் நான் ஒரு தப்பு செய்தேன். வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி சி.ஆர்.ஓ. (ஆசிலோஸ்கோப்). ஆம்ப்ளிஃபயரில் இல்லாத ஒரு கோளாறை என் சி.ஆர்.ஓ. காட்டியது. அதை நம்பி, நன்றாக இருந்த இரண்டு பெரிய கண்டன்சர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டேன். கோளாறு அளக்கும் கருவிக்குள்ளேயே இருந்தது. அது எப்படித் தெரிந்தது, உள்ளே எது பழுதாகியிருந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை அன்றன்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பழைய அனலாக் சி.ஆர்.ஓ. வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

கருவி வந்த வழி

20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், பச்சைத் திரை. பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ படித்தவர்களின் கைக்குப் பழகிய வகைதான். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பழைய ரேடியோக்களுக்கும் தையல் மெஷின் மோட்டார்களுக்கும் நடுவே 2023இல் பார்த்தேன். விற்றவர் பக்கத்துக் கடையில் லைன் எடுத்து ஆன் செய்து காட்டினார். கோடு வந்தது, மேலே கீழே நகர்ந்தது. நாப்களைத் திருப்பினால் கொஞ்சம் எகிறி எகிறிக் குதித்தது. அளக்கும் இடத்தைத் தொடும் முனையுள்ள வயரான ப்ரோப் இல்லை. 3,500 ரூபாய்க்கு முடித்து, பழைய வேட்டியில் சுற்றி, கடலூர் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். திரையும் அதன் பின்பகுதியும் சேர்ந்த டியூப் கண்ணாடி, கழுத்துப்பகுதி மெல்லியது. லக்கேஜ் மேடையில் போட மனம் வரவில்லை.

அன்று நான் பார்த்தது கோடு வருகிறதா என்பதை மட்டும்தான். அதுவும் காலை 10 மணிக்கு. இந்த நேரக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

திரையில் 1 வோல்ட்

ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஓசை உள்ளீடு எதுவும் கொடுக்காமல் ஆன் செய்தேன். மாலை 7 மணி இருக்கும். ஐந்து நிமிடத்தில், டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் தகடான ஹீட் சிங்க் சூடேறியது. முதலில் சப்ளையைப் பார்ப்போம் என்று, வோல்டேஜைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கும் 10:1 ப்ரோபை கூட்டல் 35 வோல்ட் லைனில் வைத்தேன். ப்ரோபையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கட்டத்துக்கு 5 வோல்ட். கோடு 7 கட்டம் மேலே ஏறி நின்றது, 35 வோல்ட் சரி. ஆனால் கோடு நேராக இல்லை. ஒரு சிறு பிரிவு அளவுக்கு நடுங்கியது. ஒரு கட்டத்தில் ஐந்து சிறு பிரிவுகள். ஆக, ஒரு பிரிவுக்கு 1 வோல்ட். ஒரு கட்டத்தைக் கடக்கக் கோடு எடுக்கும் நேரத்தை வைக்கும் டைம் பேஸை 2 மில்லிசெகண்டில் வைத்துப் பார்த்தால் ஐந்து கட்டத்துக்கு ஒருமுறை திரும்ப வந்தது. அதாவது 10 மில்லிசெகண்ட், 100 ஹெர்ட்ஸ்.

100 ஹெர்ட்ஸ் என்றாலே ரேடியோ மெக்கானிக்குக்கு மனசு ஒரே இடத்துக்குத்தான் போகும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் ரெக்டிஃபயர் அதன் இரு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் மேடு பள்ளம் நொடிக்கு 100 ஆகும். அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியது ஃபில்டர் கண்டன்சர். பள்ளம் தெரிகிறது, அதனால் கண்டன்சர் போய்விட்டது. இவ்வளவுதான் அன்று என் கணக்கு. அடுத்த நாள் 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கண்டன்சர் இரண்டு வாங்கினேன். 600 ரூபாய்க்கு மேல் ஆனது. மாட்டி, சாயங்காலம் மறுபடி பார்த்தேன். அதே ஒரு பிரிவு, அதே 1 வோல்ட்.

இங்கேதான் நின்று யோசித்தேன். சும்மா இருக்கும்போது இந்த ஆம்ப்ளிஃபயர் ஒரு லைனில் இழுப்பது சுமார் 100 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிசெகண்டில் 10,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் எவ்வளவு இறங்கும்? 0.1 ஆம்பியரை 0.01 நொடியால் பெருக்கி 0.01 ஃபாரடால் வகுத்தால் 0.1 வோல்ட். இது அதிகபட்சம். சூடேறி இன்னும் கூடுதலாக இழுத்தால்கூட, 1 வோல்ட் இறங்க 1 ஆம்பியர் வேண்டும். அதையும் விட்டுவிடாமல், லைனில் அம்மீட்டர் போட்டுப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட அதிகம்தான், ஆனாலும் 1 ஆம்பியருக்குப் பக்கத்தில்கூட இல்லை. மல்டிமீட்டரை ஏ.சி.யில் போட்டு அதே இடத்தில் வைத்தால் மில்லிவோல்ட் கணக்கில்தான் காட்டியது. திரை ஒன்று சொல்கிறது, மீட்டரும் கணக்கும் சேர்ந்து வேறொன்று சொல்கின்றன.

பாலிடெக்னிக்கில் எனக்கு லேப் எடுத்த சார் இப்போது ஓய்வு பெற்றுத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார். போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"கிரவுண்ட்ல போட்டுக் கோட்டப் பாத்தியாப்பா?"

"இல்ல சார்."

"மொதல்ல அதப் பாரு. அப்புறம் பேசு."

ஜி.என்.டி. ஸ்விட்ச் சொன்னது

ஒவ்வொரு சேனலுக்கும் ஏ.சி., ஜி.என்.டி. (கிரவுண்ட்), டி.சி. என்று மூன்று நிலை ஸ்விட்ச் இருக்கும். ஜி.என்.டி.யில் வைத்தால் ப்ரோபில் இருந்து வருவது துண்டிக்கப்பட்டு, உள்ளீடு பூஜ்யத்தோடு இணைந்துவிடும். அப்போது திரையில் நேர்கோடு மட்டும்தான் வர வேண்டும். நாம் எல்லாரும் இதைக் கோட்டை நடுவுக்குக் கொண்டுவர மட்டுமே பயன்படுத்துகிறோம். கருவியையே சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

ஜி.என்.டி.யில் வைத்தேன். நடுக்கம் போகவில்லை.

அதற்கப்புறம் செய்தவை ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைச் சொன்னது. வோல்ட் நாபை 5 மில்லிவோல்டில் இருந்து 20 வோல்ட் வரைக்கும் திருப்பினேன்; திரையில் நடுக்கத்தின் உயரம் மாறவே இல்லை. உள்ளீட்டில் இருந்து வருவதாக இருந்தால் நாபைத் திருப்பும்போது பெருகிச் சுருங்கியிருக்கும். ஆகவே அது நாபுக்குப் பின்னால்தான் புகுகிறது. இரண்டாவது சேனலிலும் அதே நடுக்கம், ஆக இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. அலையைத் திரையில் நிற்க வைக்கும் ட்ரிகரை, கரண்டின் தாளத்தைப் பின்பற்றும் லைன் நிலைக்கு மாற்றினேன். படம் ஆணி அடித்தது போல நின்றது. கரண்டோடு பூட்டிக்கொண்டு வருகிறது என்பதற்கு அது சாட்சி. 50 ஹெர்ட்ஸாக இருந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் எர்த் சிக்கலையும் சந்தேகப்பட்டிருப்பேன். 100 என்பதால் கருவியின் சொந்த சப்ளைதான்.

இன்னொன்றையும் அப்போதுதான் கண் திறந்து பார்த்தேன். கண்டன்சர் பலவீனமானால் வரும் மேடு பள்ளம், அதாவது ரிப்பிள், ரம்பப் பல் போல இருக்கும்: சட்டென்று ஏறி, சரிந்து சரிந்து இறங்கும். என் திரையில் இருந்தது அப்படி இல்லை. பெரும்பகுதி நேர்கோடு, 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மட்டும், எறும்பு கடித்தது போல, சின்னப் பள்ளம். முதல் நாளே இந்த வடிவத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் 600 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

மறுநாள் காலையில் ஆன் செய்தால் கோடு நூல் பிடித்தது போல நேராக நின்றது! மாலையில் மறுபடி பள்ளம். சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். காலையில் 230, மாலையில் 203. ஞாயிறு சந்தையில் காலை 10 மணிக்கு எனக்கு ஏன் எதுவும் தெரியவில்லை என்பதும் இதில் புரிந்துபோனது.

மூடியைத் திறந்தபோது

அனலாக் சி.ஆர்.ஓ.வைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். டியூபுக்குள் எலக்ட்ரான்களை முடுக்க, இந்த அளவுக் கருவிகளில் ஏறக்குறைய 2,000 வோல்ட் தேவைப்படும். பெரிய கருவிகளில் 10,000 வோல்டைத் தாண்டும். டியூபின் பின்பக்க சாக்கெட்டில் மட்டும் அது இருப்பதாக நினைக்கக் கூடாது. பல மாடல்களில் இன்டென்சிட்டி, ஃபோகஸ் கன்ட்ரோல்களின் பின்பக்கமும் அதே வோல்டேஜில்தான் இருக்கும். அதனால்தான் அவற்றுக்கு நீளமான பிளாஸ்டிக் தண்டு வைத்திருக்கிறார்கள். ப்ளக்கைப் பிடுங்கி, நன்றாகக் காத்திருந்து, 1 கிலோஓம் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கிளிப்புகளில் மாட்டி, சப்ளை கண்டன்சர்களை ஒவ்வொன்றாக வடித்தேன். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து வடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, தயவுசெய்து வேண்டாம். உயர் வோல்டேஜ் பகுதியில் நான் கையே வைக்கவில்லை. வேலை அங்கே இல்லை. ஆன் செய்து அளக்கும்போது மீட்டரின் கறுப்பு கிளிப்பை சேஸிஸில் (கருவியின் உலோகச் சட்டத்தில்) மாட்டிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

கடற்கரை ஊரில் பல வருஷம் இருந்த கருவி என்பது உள்ளே பார்த்ததுமே தெரிந்தது. காற்றுத் துளைகளில் தூசியும் உப்பும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளின் ஓரம் செம்பழுப்புத் துரு. சப்ளை போர்டில், வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் ரெகுலேட்டர் ஐ.சி.க்களின் அலுமினியத் தகட்டை ஒட்டினாற்போல் ஒரு 2,200 மைக்ரோஃபாரட் கண்டன்சர். அதன் பிளாஸ்டிக் உறை தகட்டுப் பக்கம் மட்டும் சுருங்கி, மேல் விளிம்பில் அலுமினியம் வெளியே தெரிந்தது. காற்று போக வழியில்லாமல் தகடு சூடாகி, அந்தச் சூட்டிலேயே வருஷக்கணக்கில் வெந்திருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் இருக்கும் ஈரம் உலர உலர அதன் கொள்ளளவு குறையும். கழற்றி அளந்தேன்: 700.

இப்போது கணக்கு உட்கார்ந்தது. இந்தக் கண்டன்சர் கழித்தல் 12 வோல்ட் ரெகுலேட்டருக்கு முன்னால் இருப்பது. ரெகுலேட்டர் 12 வோல்டைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமானால் அதற்குள் போவது எந்த நொடியிலும் 14 வோல்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 230 வோல்ட் இருக்கும்போது உச்சம் 18 வோல்ட். சுமை சுமார் 0.2 ஆம்பியர். நல்ல 2,200 என்றால் பள்ளம் 1 வோல்டுக்குள். 17க்குக் கீழே போகாது. 700 ஆனதும் பள்ளம் 3 வோல்டுக்குப் பக்கத்தில், அதாவது 15 வரை இறங்கும். 14க்கு மேலேதான் இருக்கிறது, அதனால் காலையில் கோடு நேர். சாயங்காலம் 203 வோல்டுக்கு இறங்கியதும் உச்சமே 16க்குக் கீழ். பள்ளத்தின் அடி 13ஐத் தொடும். அந்தச் சில கணம் மட்டும் ரெகுலேட்டரால் தாங்க முடியாமல் 12 வோல்ட் தொய்கிறது. அந்தத் தொய்வுதான் கோட்டில் எறும்புக்கடி.

கூட்டல் 12 வோல்ட் பக்கத்துக் கண்டன்சரையும் அளந்தேன், 1,900 காட்டியது. அதையும் சேர்த்து மாற்றினேன்; ஒன்று 30 ரூபாய்கூட இல்லை. மற்றவை நன்றாக இருந்தன, தொடவில்லை. பழைய கருவி என்றாலே உள்ளே இருக்கும் எல்லா கண்டன்சரையும் மாற்றிவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஐம்பது இடத்தில் சால்டர் வைத்தால் ஒன்றிரண்டு இடத்தில் போர்டின் தாமிரப் பட்டை பெயரும். பழைய கோளாறு போய்ப் புதிய கோளாறு வரும். அளந்து பார்த்துக் கெட்டதை மாற்றுவதே நல்லது. சூடு தாங்க 105 டிகிரி வகையும், வோல்டேஜில் ஒரு படி அதிகமும் எடுத்தேன். உயரம் குறைவான கண்டன்சர் கிடைத்ததால் தகட்டில் இருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்த முடிந்தது.

ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். கழித்தல் வோல்டேஜ் லைனில் கண்டன்சரின் கூட்டல் கால்தான் கிரவுண்டுக்குப் போகும். கை பழக்கத்தில் கழித்தல் காலை கிரவுண்டில் வைத்துவிட்டால், ஆன் செய்த சில நொடியில் வெடிக்கும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க மாலை வரை காத்திருக்கவில்லை. மோட்டார் வைண்டிங் கடை நண்பரிடம் டிம்மர்ஸ்டாட் வாங்கி வந்து, 230இல் இருந்து மெதுவாக இறக்கினேன். 203இல் கோடு நேர். 190 வரைக்கும் நேர். அதற்கும் கீழே கொண்டுபோனபோதுதான் பள்ளம் தலைகாட்டியது. டிம்மர்ஸ்டாட் கரண்டைப் பிரித்துத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க மட்டும்தான் அது, ஷாக்கில் இருந்து காப்பாற்றாது.

கருவியை நம்பலாமா என்று பார்த்தது

மூடி திறந்திருக்கும்போதே நாப்களின் கரகரப்பையும் கவனித்தேன். துளைகளைப் பெயின்ட் பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்தேன். எலக்ட்ரானிக்ஸுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரை ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒரே ஒரு துளி விட்டு, இருபது முப்பது தடவை திருப்பினேன். துரு நீக்கும் எண்ணெயை இங்கே அடிக்காதீர்கள். அது எண்ணெய்ப் படலமாக நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி ஏதும் தேவைப்படவில்லை. 9 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தேன், 9.2. சி.ஆர்.ஓ.வை டி.சி.யில், கட்டத்துக்கு 2 வோல்டில் வைத்து அதே பேட்டரியைத் தொட்டால் கோடு 4.6 கட்டம் குதிக்க வேண்டும்; குதித்தது. இந்த வகைக் கருவிகளில் 3 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பதே தயாரிப்பாளர் தரும் கணக்கு, அதற்குள் வந்தது. நேரத்துக்கு செல்போன். டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 1,000 ஹெர்ட்ஸ் போட்டு ஹெட்போன் வயரில் இருந்து எடுத்தேன். போனுக்குள் இருப்பது குவார்ட்ஸ் கிரிஸ்டல், அதன் துல்லியம் இந்தத் திரையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு மேல். 1 மில்லிசெகண்டில் வைத்தால் கட்டத்துக்கு ஓர் அலை, பத்துக் கட்டத்துக்குப் பத்து அலை. வந்தது. முதல் தடவை வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேரியபிள் நாப் கேல் நிலையில் இருந்து லேசாக விலகியிருந்தது. அந்த நாப் கடைசி வரை திரும்பி 'டக்' என்று உட்கார்ந்திருந்தால்தான் கட்டத்தில் எழுதியிருக்கும் அளவு உண்மை.

ப்ரோப் புதிது வாங்கியது. அதையும் முன்பக்கம் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, அதன் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பினேன். மூலை மழுங்கியிருந்தால் ஒரு பக்கம், மூலை கொம்பு முளைத்தது போல் தூக்கியிருந்தால் மறுபக்கம்; தோசைத் திருப்பியின் விளிம்பு மாதிரி தட்டையாக வரும் வரை. ப்ரோபை வேறு சேனலுக்கு மாற்றினால் இதை மறுபடி செய்ய வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் கருவி 17.5 நானோசெகண்டுக்கும் வேகமாக ஏறும் விளிம்பைச் சரியாகக் காட்டாது. ஆடியோ வேலைக்கு அது ஒரு குறையே இல்லை.

நிஜக் கோளாறு

இப்போது ஆம்ப்ளிஃபயர். ஜி.என்.டி.யில் கோடு, சீராகக் கூர்மையாக இருந்தது. வெளியீட்டில் ப்ரோபை வைத்து டி.சி.க்கு மாற்றினேன். கோடு தடித்தது. நூல் கயிறானது போல. பழைய நாட்களில் இதைப் பார்த்து ஃபோகஸ் சரியில்லை என்று நாபைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

டைம் பேஸை வேகப்படுத்திக்கொண்டே போனேன். மில்லிசெகண்ட் முடிந்து மைக்ரோசெகண்ட் வந்ததும் அந்தத் தடிமன் பிரிந்து, அழகான அலையாக விரிந்தது. 1 மைக்ரோசெகண்டில் ஓர் அலைக்கு இரண்டரைக் கட்டம். 400 கிலோஹெர்ட்ஸ், உச்சியில் இருந்து அடிவரை 3 வோல்ட். பாட்டே போடாத ஆம்ப்ளிஃபயர் தானாகவே கத்திக்கொண்டிருந்தது, காதுக்குக் கேட்காத சுருதியில். மனிதக் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். சாதாரண மல்டிமீட்டரின் ஏ.சி. அளவும் அந்த வேகத்துக்கு வராது. அதனால்தான் அது வாயைத் திறக்கவில்லை. டிரான்சிஸ்டர்கள் மட்டும் ஓயாமல் வேலை செய்து சூடேறிக்கொண்டிருந்தன.

வெளியீட்டில் இருந்து கிரவுண்டுக்கு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் வரிசையாக இருக்கும். நீளமான ஸ்பீக்கர் வயர் மாட்டும்போது ஆம்ப்ளிஃபயர் நிலைகுலையாமல் பிடித்துவைப்பது அந்த ஜோடிதான். ஒரு சேனலில் ரெசிஸ்டர் கறுத்து, நடுவில் மயிரிழை விரிசல். அளந்தால் ஓபன், அதாவது உள்ளே அறுந்திருந்தது. 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் போட்டேன். வயர் சுற்றிய வகை இங்கே ஆகாது, அது தானே ஒரு காயிலாக நின்று வேலையைக் கெடுக்கும். ஆன் செய்தேன். கயிறு நூலானது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஹீட் சிங்கைத் தொட்டால் இளஞ்சூடு. எண்ணிப் பார்த்தால் இந்த ஆம்ப்ளிஃபயருக்குத் தேவைப்பட்டது சில ரூபாய் ரெசிஸ்டர் ஒன்று.

பாதுகாப்பு, பராமரிப்பு

இந்த ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்ததால் ப்ரோபின் கிரவுண்ட் கிளிப்பை அதன் பூஜ்ய வோல்டில் தைரியமாக மாட்டினேன். எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் பவர் சப்ளை), எல்.இ.டி. டிரைவர், இண்டக்‌ஷன் அடுப்பு போர்டு இவற்றில் அப்படி மாட்டக் கூடாது. சி.ஆர்.ஓ.வின் கிரவுண்ட் கிளிப் நேராக மூன்றாவது பின் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதல் பாதி நேரடியாகக் கரண்டில் இருக்கிறது. 230 வோல்டை நேர்மின்னாக்கினால் 325 வோல்ட். கிளிப்பை வைத்த கணத்தில் ஷார்ட். இதற்குப் பயந்து சி.ஆர்.ஓ.வின் எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது கருவியின் இரும்பு உடம்பே உயிரோடு இருக்கும்; நாபைத் தொடும் விரல் அதில் பட்டால் போதும். பழுது பார்க்கும் பொருளை, கரண்டைப் பிரித்துத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டுங்கள், சி.ஆர்.ஓ.வின் எர்த்தைத் தொடாதீர்கள். கடலை ஒட்டிய ஊர்களில் எர்த் குழியில் இருக்கும் இரும்புக் குழாயை உப்புத் தின்றுவிடும் என்பதால் அந்த எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்றும் ஒரு தடவை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டியூபைப் பற்றி. புதிது கிடைப்பது அரிது, அதனால் இருப்பதைக் காப்பதுதான் வழி. வெளிச்சத்தை, பார்க்கத் தேவையான அளவுக்கு மேல் கூட்டுவதில்லை. பகலில் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று கூட்டுவதைவிட, அட்டைப் பெட்டியில் ஒரு மறைப்பு செய்து திரைக்கு முன் வைக்கலாம். கோடு தானாக ஓடாமல் புள்ளியாக நிற்கும் எக்ஸ்-ஒய் நிலையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அசையாத புள்ளி, திரையின் ஒளிரும் பூச்சான பாஸ்பரை அந்த இடத்தில் எரித்துவிடும். அது திரும்ப வராது.

இன்னொரு விஷயம் என் மாதிரி பட்டறைகளுக்கு மட்டும். ஒரு நாள் கோடு இடது பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேசைக்குக் கீழே சாத்தி வைத்திருந்த 15 இன்ச் ஸ்பீக்கர் கண்ணில் பட்டது. நகர்த்தியதும் கோடு நிமிர்ந்துவிட்டது. எலக்ட்ரான் கற்றையைக் காந்தம் வளைக்கும். பூமியின் காந்தப்புலமே கூடக் கொஞ்சம் வளைக்கும் என்பதால், மேசையை வேறு திசைக்குத் திருப்பிப் போட்டால் முன்பக்கத்தில் இருக்கும் ட்ரேஸ் ரொட்டேஷன் ஸ்க்ரூவை லேசாகச் சரிசெய்ய வேண்டி வரலாம்.

ஈரம்தான் எங்கள் ஊரில் முதல் எதிரி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. என் பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் கருவியைப் பரணில் ஏற்றியிருந்தேன். கரண்ட் வந்த உடனே அதை ஆன் செய்யவில்லை. சுவர் கசியும் ஈரத்தில் 2,000 வோல்ட் தூசி வழியாக எங்கே வேண்டுமானாலும் கசியும். மரப் பெட்டி ஒன்றில் வைத்து, பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை இரண்டு நாள் எரியவிட்டேன். அதற்கப்புறம் ஆன் செய்தபோது ஃபோகஸ் கொஞ்சம் அலைந்தது. ஒரு மணி நேரத்தில் நிலைக்கு வந்துவிட்டது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓடவிடுகிறேன். மூடிவைக்கப் பருத்தித் துணி. பிளாஸ்டிக் உறை போட்டால் சூட்டோடு ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவிடும். துல்லியமாக அளக்க வேண்டிய நாட்களில் ஆன் செய்து 20 நிமிடம் கழித்துத்தான் தொடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை

ஆம்ப்ளிஃபயரை வியாழன் இரவே கொடுத்துவிட்டேன். கண்டன்சர் மாற்றியது என் தவறு, அதற்குக் காசு வேண்டாம் என்று சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை, பாதியைக் கையில் திணித்தார். கழற்றிய பழைய கண்டன்சர்கள் இரண்டையும் அளந்தேன். இரண்டுமே 9,000க்கு மேல். அவரிடமே கொடுத்து, வேறு செட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

போன மாதம் பாகூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், தானும் ஒரு பழைய சி.ஆர்.ஓ. வாங்க வேண்டும், கூட வாங்கண்ணே என்றான். ஞாயிறு சந்தைக்குப் போனோம். பையில் 9 வோல்ட் பேட்டரி, ப்ரோப், மல்டிமீட்டர், போனில் டோன் ஆப். விற்பவரிடம் பத்து நிமிடம் கரண்ட் கேட்டு வாங்கினோம். கோடு வந்ததும் பையன் விலையைக் கேட்க வாயெடுத்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஜி.என்.டி.யில் வைத்து, 2 மில்லிசெகண்டில் கோட்டைப் பார்த்தோம். அப்புறம் சாக்கெட்டில் மீட்டரை வைத்தோம். 232. இங்கே நேராக இருந்தால் போதாது, சாயங்காலமும் பார்க்க வேண்டும் என்று விற்பவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "எடுத்துட்டுப் போய்ப் பாருங்க சார், வேணாம்னா அடுத்த ஞாயிறு கொண்டாங்க" என்று 500 ரூபாய் முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டார்.